உப்பளத்துக் கதையின் மறுபாதி

இரண்டு காசுகளும் குப்புற விழுந்தன.

யிரோங் அவற்றைப் பொறுக்கி எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மறுபடி குலுக்கினாள். "அம்மா, சாப்பிட்டு முடிச்சாச்சா? தட்டை எடுக்கலாமா?" என்று கேட்டுத் தரையில் போட்டாள். ஒரு காசு உருண்டு போய் ஊதுபத்தி மேசையின் காலில் முட்டிச் சாய்ந்தது. மறுபடியும் இரண்டும் குப்புற.

ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டும் நிமிர்ந்தால் போனவர் சிரிக்கிறார் என்பார்கள். அம்மா யுவேசின் போய் ஏழாவது நாள் இது. ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"இன்னும் முடிக்கலையாம்ப்பா."

"மெதுவாச் சாப்பிடட்டும், விடு" என்றார் தெங்ஹோ.

"அம்மாவா மெதுவாச் சாப்பிடுவாங்க? அடுப்படியில நின்னுக்கிட்டே முழுங்குவாங்க."

"இப்பதான் உக்காந்து சாப்பிடக் கிடைச்சிருக்கு. ஏன் விரட்டுற?"

யிரோங் புது ஊதுபத்தி கொளுத்தினாள். தைச்சுங் நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். ஆட்களைக் காக்க வைத்துப் பழகியவள், தான் காத்திருக்கப் பழகாதவள். மேசைமேல் சோறு, வதக்கிய கீரை, சோயாவில் வெந்த முட்டை, ஒரு துண்டு மீன். காலையில் வைத்த பல் தேய்க்கும் தூரிகையும் முகம் துடைத்த துண்டும் ஓரமாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு காலையும் வெந்நீர் வைத்து, "அம்மா, எழுந்திருங்க, முகம் கழுவுங்க" என்று சொல்வதும் அவள் வேலைதான்.

மேசைக்குப் பின்னால் மஞ்சள் திரை. திரைக்குப் பின்னால், யுவேசினைக் கிடத்தியிருந்த வாடகை ஃப்ரீசர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

அந்த உறுமலைத்தான் தெங்ஹோ ஏழு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாற்பது வருஷம் மீன் குளங்களில் தண்ணீருக்குக் காற்றூட்டும் சக்கர மோட்டார்களைப் பழுது பார்த்தவர். குளக்கரையில் சைக்கிளை நிறுத்தும்போதே எந்த மோட்டாருக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். இந்தப் பெட்டியின் மோட்டாருக்கு நோய் ஒன்றுமில்லை. பதினெட்டு நிமிஷம் ஓடும், நாலு நிமிஷம் ஓயும். அந்த நாலு நிமிஷம்தான் அவருக்குப் பிடிக்காது. வீடு முழுக்க யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுப்பது மாதிரி இருக்கும்.

வாசலில் பந்தல் துணியை விலக்கிக்கொண்டு லாய் வந்தான். சாவு காரியங்களை எடுத்து நடத்துகிறவன். வெள்ளைச் சட்டை, கடைவாயில் பாக்கு. யிரோங்குடன் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான் என்றாலும், வேலைக்கு வந்த இடத்தில் அந்த உரிமை காட்டமாட்டான்.

"மாமா, நாளைக்குக் காலைல ஒம்போதே காலுக்குத் தூக்கணும். அது தப்பினா அடுத்த நல்ல நாளுக்குப் பதினோரு நாள் ஆகும்."

"காசு ஒத்துக்க மாட்டேங்குது லாய்" என்றாள் யிரோங். "நேத்து நாலு தடவ கேட்டேன், கிளம்பலாமான்னு. இன்னிக்குச் சாப்பாட்டுக்கே ஒத்துக்கல."

லாய் காசுகளை ஒரு முறை புரட்டிப் பார்த்தான். காசில் குற்றமில்லை என்று தெரிந்ததும் அவற்றை மேசைமேல் அடுக்கி வைத்தான்.

"அம்மாவுக்கு உப்பளத்துப் பக்கம்தான பொறந்த ஊரு? அங்க ஒரு வழக்கம் உண்டு. கடைசி மூச்சப்போ பக்கத்துல இருக்கிறவங்க நாளையும் நேரத்தையும் சொல்லி, நீ போயிட்டேன்னு காதுல சொல்லிடணும். இல்லாட்டி அவங்களுக்குத் தெரியாது. தெரியாதவங்கள எப்படிக் கிளப்புறது?" அவன் தெங்ஹோவைப் பார்த்தான். "மாமா, நீங்கதான இருந்தீங்க. சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன்."

"முதல் நாளே கேட்டேன், அப்பவும் சொல்லிட்டேன்னுதான் சொன்னாரு" என்றாள் யிரோங்.

"அப்ப சரி. வேற ஏதோ குறை." லாய் வாசலுக்குப் போய்ப் பாக்கைத் துப்பிவிட்டு வந்தான். "கேக்கறதுக்குக் காரணம் இருக்கு மாமா. இன்னிக்கு ஏழாம் நாள். விளக்கேத்துற நேரத்துக்கு அவங்க வீட்டுக்கு வருவாங்க. வாசல்ல ஒரு பேசின்ல தண்ணி வெச்சிருப்போம். கை கழுவுவாங்க. யாரும் சொல்லாம விட்டிருந்தா அப்பதான் தெரியும். நகம் ஒண்ணொண்ணாக் கழண்டு தண்ணியில விழும். அதப் பாத்துத் தெரிஞ்சுக்குவாங்க. அப்படித் தனியா நின்னு தெரிஞ்சுக்கிட்டவங்க வீடு எனக்கு ஒண்ணு தெரியும். அந்தப் பேசினை இன்னும் யாரும் கையால தொடல."

"சாப்பிடற நேரத்துல பேசற பேச்சா இது" என்றாள் யிரோங்.

"யாரு சாப்பிடறா?" என்றான் லாய். பிறகு மேசையைப் பார்த்து, சொன்னதற்காகத் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

தெங்ஹோ சொல்லவில்லை.

சொல்லும்படியாகவும் இல்லை அந்த விடிகாலை. யுவேசின் அவர் பக்கம் திரும்பிப் படுத்து, "மணி என்ன?" என்று கேட்டாள். சுவரில் ஐந்து நாற்பது. கோழிகளுக்குத் தீனி போடும் நேரம். அவளுக்கு ராத்திரி முழுக்க நெஞ்சில் ஏதோ அழுத்தம், தூங்கவேயில்லை. "இன்னும் நேரமிருக்கு, தூங்கு" என்றார் அவர். அவள் கையை அவர் முழங்கைமேல் போட்டாள். அந்தக் கை அப்படியே கனத்தது. கனம் மாறியதை அவர் உணர்ந்தார். மோட்டார் நிற்பதற்கு முன்னால் ஒரு சுற்றுக் கனமாகச் சுற்றுமே, அந்தக் கனம். அதற்குப் பிறகும் அரைமணி நேரம் அவர் அசையாமல் படுத்திருந்தார், எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

நேரமிருக்கு என்று சொல்லித் தூங்க வைத்துவிட்டு, அதே வாயால் எப்படி மாற்றிச் சொல்வது?

லாய் போனபின் யிரோங் காலைப் படையலில் எடுத்து வைத்திருந்த சோற்றைச் சூடாக்கி அவருக்குப் போட்டாள். தனக்கும் போட்டுக்கொண்டாள். இரண்டு வாய் தின்றுவிட்டு நிறுத்தினாள்.

"நான் உப்புப் போட்டேன்ப்பா. கீரையில நிறையவே போட்டேன்."

அவரும் மென்றார். கீரையும் முட்டையும் சோறும் ஒரே மாதிரி இருந்தன. நனைந்த காகிதத்தை மெல்லுவது மாதிரி.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ருசி எங்கே போனதென்று அவருக்குத் தெரியும். யுவேசின் சொல்லியிருக்கிறாள். அவரிடம் இல்லை, வகுப்பில்.

நாட்டுப்புறக் கதைகளையும் புராணங்களையும் வாயால் சொல்லப் பழக்கும் வகுப்பு அது. புதன்கிழமை மதியம் இரண்டு மணி, டேப்லெட்டில், இணையம் வழியாக. ஆசிரியர் காவ் என்கிற பெண். ஒன்பது பேர் படித்தார்கள், ஒன்பது ஊரிலிருந்து. அறுபத்து நாலு வயதில் பேய்க் கதை படிக்கப் போகிறாளே என்று தெங்ஹோ ஆரம்பத்தில் கேலி பண்ணினார். அவள் விடவில்லை. பதினாலு வாரத்தில் ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. காய்ச்சல் வந்த வாரம் தலையில் ஈரத்துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டுப்பாடத்துக்காகக் கோழிகளிடம் கதை சொன்னாள். வகுப்பு நடக்கும்போது தெங்ஹோவுக்கு அடுப்படியில் எப்படியோ வேலை வந்துவிடும். பூண்டு உரிப்பார், உரித்த பூண்டையே திருப்பித் திருப்பி உரிப்பார்.

போன புதன் யுவேசினின் முறை. அவள் பிறந்த உப்பளத்தில் அவள் அம்மா சொன்ன கதை.

உப்பளக்காரன் ஒருத்தன் நீர் வற்றிய நேரம் சிப்பி பொறுக்கக் கடலுக்குள் நடந்து போனான். தண்ணீர் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் பாட்டுக்கு வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். முழங்கால் வரைக்கும் துணி ஈரம், அது காயவே இல்லை. சோற்றை அள்ளி அள்ளித் தின்றான், கிண்ணத்தில் சோறு குறையவில்லை. அவன் எழுந்துபோன பிறகு மனைவி அதில் ஒரு வாய் தின்று பார்த்தாள். ருசியில்லை. வாத்துக்குப் போட்டாள், வாத்து மோந்துவிட்டு விலகிப் போனது. அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. தினமும் வந்தான், தினமும் வைத்தாள். அந்த வருஷம் ஊரில் எந்தப் பாத்தியிலும் உப்பு விளையவில்லை. வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது, தண்ணீர் தண்ணீராகவே நிற்கிறது. ஊர்ப் பெரியவர்கள் அவள் வாசலில் வந்து நின்றார்கள். உன் புருஷன்கிட்ட உண்மையச் சொல்லி அனுப்பு, இல்லாட்டி ஊரோடு பட்டினி. அன்றைக்குச் சாயங்காலம் அவன் வந்தான், உட்கார்ந்தான், கிண்ணத்தை நீட்டினான்.

"அந்தப் பொம்பள சொன்னாளா இல்லையா? சொன்னான்னா என்ன சொன்னா? அடுத்த புதன்" என்று யுவேசின் நிறுத்திவிட்டாள். டேப்பில் ஒரே கூச்சல். அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்கு வந்து, "பூண்டு போதும் கிழவா, அடுத்த வருஷத்துக்கும் சேத்து உரிச்சாச்சு" என்றாள்.

மறுநாள் விடிகாலை அவள் போய்விட்டாள்.

மறுபாதி அவளிடம் இருந்தது. செத்தவனிடம் எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது, அவன் பயந்து போகாமல் எப்படி முடிப்பது, எல்லாம் அந்த மறுபாதியில் இருந்திருக்கும். அதைத் தெரிந்துகொண்டால் விளக்கேற்றுவதற்குள் சொல்லிவிடலாம். தெங்ஹோ ஏழு நாளாக அதைத்தான் தேடினார். அவள் வகுப்பு நோட்டைப் புரட்டினார். மற்றவர்கள் சொன்ன கதையெல்லாம் இருந்தது. அவள் கதை இல்லை.

ஒன்று ஐம்பதுக்குத் தையல் மெஷின்மேல் இருந்த டேப் மணியடித்தது.

யிரோங் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலப் பூஜைக்குப் பழமும் பூவும் வாங்கப் போகிறாள். "அம்மாவோட வகுப்பு. டீச்சருக்குச் சொல்லிட்டீங்கல்லப்பா?"

"ம்."

"அப்புறம் ஏன் அடிக்குது?"

"மெஷின்தான, அதுக்கென்ன தெரியும்."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. தெங்ஹோ கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அவள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியைத் திரைக்கு முதுகு காட்டித்தான் போட முடிந்தது. வைஃபை அந்த மூலையில் மட்டும்தான் எடுக்கும். அவள் தொடும் இடத்தைத் தொட்டார். கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன. கேமராவை எப்படி மூடுவது என்று அவருக்குத் தெரியும், அதை மூடிவிட்டார். அவள் பெயர் மட்டும் ஒரு கறுப்புக் கட்டத்தில் நின்றது.

"யுவேசின் அக்கா வந்தாச்சு" என்றாள் மீன் உருண்டை விற்கும் ஆமியாவ். பெங்ஹு தீவுக்காரி, கடையில் இருந்தபடியே வகுப்புக்கு வருவாள். "ஒரு வாரமாத் தூங்கலக்கா. என் புருஷன் சாப்பாட்டுக்கு உக்காந்தா முழங்கால்ல ஈரமான்னு பாக்கறேன்."

"உன் புருஷன் ஈரமாத்தான்மா இருப்பாரு, மீன்கடையில" என்றது ஒரு கனத்த குரல். ஜுவாங், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எப்போதும் தொப்பியோடு இருப்பார் என்று யுவேசின் சொல்லியிருந்தாள். தொப்பியோடுதான் இருந்தார்.

காவ் டீச்சர் கைதட்டினாள். நினைத்ததைவிடச் சின்ன வயது. "யுவேசின் அக்கா முடிக்கறதுக்கு முன்னாடி, வீட்டுப்பாடம். அந்த மனைவி என்ன சொல்லியிருப்பா? ஆளுக்கு ஒரு முடிவு."

தெங்ஹோ முன்னால் குனிந்தார்.

ஆமியாவ், அவள் சொல்லவேயில்லை, அவனோடேயே கடலுக்குள் நடந்து போய்விட்டாள் என்றாள். வேறொருத்தி, அவள் வீட்டை மாற்றிக்கொண்டாள், அவன் வழி தெரியாமல் திரும்பிப் போனான் என்றாள். ஜுவாங் தொண்டையைச் செருமினார். "எங்கிட்ட விட்டா ஒரே வரி. கடைசி ஸ்டாப், எல்லாரும் இறங்குங்க. முப்பது வருஷம் தூங்கறவங்கள அப்படித்தான் இறக்கியிருக்கேன்." எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றும் தெங்ஹோவுக்கு உதவவில்லை. அவர் பின்னால் மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அது என்ன சத்தம்?" என்று கேட்டாள் ஆமியாவ். "உங்க மைக் தொறந்திருக்கு. ஃப்ரிட்ஜா?"

அவர் கை தானாக மைக்கை மூடப் போய், எது என்று தெரியாமல் நின்றது.

"ஆமா" என்றார். "ஃப்ரிட்ஜ்தான்."

கட்டங்களில் இருந்த முகங்கள் நிமிர்ந்தன.

"நான் அவ வீட்டுக்காரன்."

"அட, பூண்டு அண்ணனா" என்றார் ஜுவாங். மறுபடி சிரிப்பு. "உங்களப் பத்தி எல்லாம் தெரியும்ண்ணே. பயமான இடம் வந்தா உங்க கைக் கத்தி கீழ விழுமாம். சத்தம் கேக்கறதுக்காகவே அக்கா அந்த இடத்துல குரல உசத்துவாங்க."

தெங்ஹோவுக்கு இது தெரியாது. சத்தமில்லாமல்தான் நின்றிருந்ததாக நினைத்திருந்தார்.

"அக்கா எங்க?" என்றாள் காவ் டீச்சர்.

"இங்கதான் இருக்கா. பின்னாடி. பேச முடியாது." அது பொய்யில்லை என்பதே அவரைச் சங்கடப்படுத்தியது. "டீச்சர், அந்தக் கதையோட மறுபாதி உங்ககிட்ட இருக்கா? எழுதி அனுப்பியிருப்பாளே."

காவ் டீச்சர் தயங்கினாள். "இல்லண்ணே. எங்கிட்ட ரகசியமாச் சொன்னாங்க. அவங்களுக்கே மறுபாதி தெரியாதாம். அவங்க அம்மா எப்பவும் அந்த இடத்துலயே நிறுத்திட்டுத் தூங்கப் போகச் சொல்லிருவாங்களாம். ஊர்ல யாருக்கும் தெரியாதாம். இந்த வாரம் தானே ஒண்ணு யோசிச்சு வெக்கறேன்னாங்க."

தெங்ஹோ நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். இருந்தது என்று நினைத்துத் தேடிய சாவி எப்போதுமே இருக்கவில்லை. வெளியே பந்தல் துணி ஒரு முறை உப்பி அடங்கியது. மணி இரண்டே முக்கால். விளக்கேற்ற மூன்று மணி நேரம்.

"வீட்டுல கேட்டுக்கிட்டே இருந்தவரு நீங்க" என்றாள் டீச்சர். "அக்காவுக்கு முடியலன்னா நீங்க முடிங்க. வகுப்புச் சட்டம்தான். ஆரம்பிச்ச வீடு முடிக்கணும்."

அந்த வகுப்பில் இன்னொரு சட்டமும் உண்டு. கதை முடிந்ததும் கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டாச்சு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போதுதான் கதை மூடும், சொன்னவர் எழுந்திருக்கலாம். சொன்னவரும் டீச்சரும் சொல்லக் கூடாது. ஆக எட்டுக் குரல். பதினாலு வாரமாக அடுப்படியில் நின்று அவரும் எண்ணியிருக்கிறார். எட்டாவது வந்தபிறகுதான் சாப்பாடு.

"எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார்.

"தெரியாதுன்னு சொல்லித்தாண்ணே எல்லாரும் ஆரம்பிச்சோம்" என்றாள் ஆமியாவ்.

அவர் டேப்பைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அவன் கிண்ணத்த நீட்டினான். அவ சோறு போடல. அவன் சோறு எங்கன்னு கேக்கல. மணி என்னன்னு கேட்டான்."

நிறுத்தினார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அவ நேரமிருக்குன்னு சொல்லியிருந்தா. முன்னாடி ஒரு நாள். அதனால அவன் அத நம்பி வந்துக்கிட்டே இருந்தான். அவன்மேல தப்பில்ல."

பின்னால் மோட்டார் ஒரு முறை குலுங்கி ஓய்ந்தது. நாலு நிமிஷம். வீடு காது கொடுத்தது.

"நான் மோட்டார் ரிப்பேர்க்காரன். ஓடறத ஓடுதும்பேன், நின்னத நின்னுபோச்சும்பேன். குளத்துக்காரங்க கெஞ்சுவாங்க, இன்னும் ஒரு ராத்திரி தாங்கும்னு சொல்லுண்ணேன்னு. சொன்னதில்ல. சொன்னா அத நம்பித் தூங்கப் போயிருவாங்க, விடிஞ்சா குளம் பூரா மீன் மல்லாந்து கெடக்கும். நாப்பது வருஷத்துல ஒரு தடவகூடச் சொன்னதில்ல. ஒரே ஒரு தடவதான் சொன்னேன்."

எழுந்தார். டேப்பை அப்படியே விட்டுவிட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு போனார். தொடப்படாத மதியச் சோறு ஆறிக் கிடந்தது. மஞ்சள் திரையை விலக்கவில்லை. அதன் முன்னால் நின்றார், குளத்துக்காரரிடம் பேசுகிறவர் மாதிரி கையைத் தொங்கவிட்டுக்கொண்டு.

"யுவேசின். போன வியாழக்கிழம. விடியக்காலம் அஞ்சு நாப்பது. மணி என்னன்னு கேட்ட. நேரமிருக்கு, தூங்குன்னேன். நேரமில்ல. அப்பவே முடிஞ்சிருந்துச்சு. என் கைமேல உன் கை இருந்துச்சு, நான் எடுக்கல." ஓரடி முன்னால் வந்தார். "நீ செத்துட்ட யுவேசின். யாரும் சொல்லாம நீயாப் பாத்துப் பயந்துறாத. நான்தான் சொல்றேன்."

திரை அசையவில்லை. அடியில் பனி உருகிய தண்ணீர் ஒரு கோடாக வந்து தரையில் நின்றிருந்தது.

டேப்பில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு ஜுவாங்கின் குரல், எப்போதும் இருக்கும் கனம் இல்லாமல்.

"கேட்டாச்சு."

தெங்ஹோ திரையைப் பார்த்தபடியே நின்றார்.

"கேட்டாச்சு." ஆமியாவ். பின்னால் அவள் கடையில் யாரோ விலை கேட்டார்கள், அவள் பதில் சொல்லவில்லை.

"கேட்டாச்சு." "கேட்டாச்சு." பெயர் தெரியாத குரல்கள், ஆனால் வரிசை பழகியது. வீடு மாற்றச் சொன்னவள். அவளுக்கு அப்புறம் திக்கித் திக்கிப் பேசுகிறவர். அவருக்கு அப்புறம் எப்போதும் ஒரு நாய் குரைக்கும் வீடு. இன்று நாய் குரைக்கவில்லை. விரல்கள் அவரையறியாமல் தொடையில் மடங்கின. ஆறு. ஏழு. எட்டு.

"கேட்டாச்சு."

ஒன்பது.

மெதுவாக, அவசரமில்லாமல் சொன்ன குரல். அது முதுகுக்குப் பின்னால் டேப்பிலிருந்து வந்ததா, முகத்துக்கு முன்னால் இருந்த துணிக்கு அப்பாலிருந்து வந்ததா என்று அவர் பார்க்கவில்லை. ஒன்பதாவது விரலை மடக்கியபடி நின்றார். மோட்டார் இன்னும் ஓய்ந்துதான் கிடந்தது. நாலு நிமிஷம் இவ்வளவு நீளம் என்று அவர் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

"கதை மூடியாச்சு" என்றாள் காவ் டீச்சர். அவள் எண்ணினாளா என்று தெரியவில்லை. குரல் மட்டும் நடுங்கியது. "அண்ணே, நாங்க இப்ப எழுந்துக்கறோம்."

கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஜுவாங் கடைசியாகப் போனார். போவதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றியிருந்தார். நெற்றியில் தொப்பி வைத்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

யிரோங் திரும்பி வந்தபோது அவர் அடுப்படியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் செவ்வந்தியைக் குடத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போல மண்டியிட்டாள். காசு விழுந்த சத்தம் கேட்டது. பிறகு சத்தமில்லை.

"அப்பா."

"ம்."

"முடிச்சிட்டாங்க. ஒரே தடவையில." அவள் குரல் உயர்ந்து தாழ்ந்தது. "நாளைக்குக் கிளம்பலாமான்னும் கேட்டுட்டேன். சரிங்கறாங்க. நீங்க ஏதாவது பண்ணினீங்களா?"

"நான் என்ன பண்ணேன். வகுப்புல இருந்தேன்."

அவள் அவரையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆறிய தட்டுகளை எடுத்தாள்.

சாயங்காலம் விளக்கேற்றி வாசலில் தண்ணீர் வைத்தார்கள். லாய் மணியாட்டி ஓதினான். எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தெங்ஹோ அன்று அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து வாசலுக்குப் போனது அவர்தான். பேசினில் தண்ணீர் வைத்தபடி தெளிவாக இருந்தது. ஒரு கொசு மட்டும் மிதந்தது. அதை ஊதி ஓரம் தள்ளிவிட்டு, தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றினார்.

ஒன்பதே காலுக்குத் தூக்கினார்கள். அப்போது மழை பிடித்திருந்தது, மே மாதத்து நீண்ட மழை. மனைவியைக் கொண்டுபோகும்போது புருஷன் கூடப் போகக் கூடாது. லாய் அவர் தோளைத் தொட்டு, "மாமா, நீங்க இங்கயே" என்றான். யிரோங் ஊதுபத்திக் கிண்ணத்தை மார்போடு அணைத்து வண்டியில் ஏறினாள். தெருமுனையில் வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. "அம்மா, பாலம் வருது. தாண்டப்போறோம், கூட வாங்க" என்று அவள் சத்தமாகச் சொன்னது மழைக்குள் கேட்டது. வண்டி பாலம் தாண்டியது.

பந்தல்காரர்கள் இரண்டு பேர் வந்து, பக்கக் குழாய்களை முதலில் கழற்றி, கூரைத் துணியைக் கடைசியாகச் சுருட்டி, கால்மணி நேரத்தில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பந்தல் நின்ற இடம் சாலையில் காய்ந்த நீள்சதுரமாகத் தெரிந்தது. சுற்றிலும் தார் கறுத்து மின்ன, அது மட்டும் சாம்பல் நிறம். மழை அதன்மேல் புள்ளி புள்ளியாக விழ ஆரம்பித்தது. ஓரங்கள் முதலில் கரைந்தன. தெங்ஹோ கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளிகள் சேர்ந்து நடுவுக்கு நகர்ந்தன. கடைசியில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் மட்டும் நனையாமல் இருந்தது. சுற்றி எல்லாப் பக்கமும் அடித்த மழை அங்கே மட்டும் விழாத மாதிரி இருந்தது.

அவர் உள்ளே போய், கதவுக்குப் பின்னால் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

அதற்குள் சாலை முழுக்க ஒரே நிறமாகியிருந்தது. குடையை விரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.